இம்பல்ஸின் முன் பிரேக்குக்கு ஒரு பிராக்கெட்: கணபதிப் பட்டறை ஒன்றின் வேலை பற்றி

ஹீரோ நிறுவனம் 2011இல் கொண்டுவந்த இம்பல்ஸ், 149.2 சிசி எஞ்சினும் முன்சக்கரத்தைத் தாங்கும் நீண்ட அசைவுள்ள ஃபோர்க்கும் கொண்ட, மண் பாதையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி. சில ஆண்டுகளிலேயே விற்பனை நின்றுபோனாலும் மண் தடத்தில் பழகுபவர்களிடையே அது இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதன் முன்சக்கரத்தில் இருப்பது 240 மி.மீ. டிஸ்க். என் வண்டியில் 19 அங்குல முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 2019இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் 21 அங்குலச் சக்கரத்தை அதன் 276 மி.மீ. டிஸ்க்கோடு பொருத்தினேன். சக்கரத்துக்கு வேண்டிய புஷ்களையும் ஸ்பேசர்களையும் லேத்தில் கடைந்துகொள்ள முடிந்தது. ஆனால் பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகமான, இம்பல்ஸின் பழைய காலிப்பரைப் பெரிய டிஸ்க்கின் விளிம்புக்கு நகர்த்திப் பிடிக்கும் பிராக்கெட் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள் அல்ல. அதை எனக்கு வடிவமைத்துச் செய்து தந்த, கோவை கணபதியில் உள்ள சிறிய பட்டறையின் வேலையையும், அந்தப் பாகம் ஓட்டத்தில் நடந்துகொள்ளும் விதத்தையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்பது உரிமையாளரின் வேண்டுகோள். பம்பு உதிரிபாகங்களுக்கான ஜாப் ஆர்டரில் ஓடும் இடம் அது. பிரேக் வேலைக்கென்று தனிநபர்கள் வரிசையாக வந்து நிற்பதை அவர் விரும்பவில்லை. பெயரில்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்கலாம். இத்தகைய வேலையை ஏற்கும் பட்டறைகள் கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் இருக்கவே செய்கின்றன. அவற்றில் எதை நம்பலாம் என்பதை அவை எதைச் செய்ய மறுக்கின்றன என்பதிலிருந்து கண்டுகொள்ளலாம் என்பதே என் கருத்து. அந்த அளவுகோலுக்கு இந்தப் பட்டறை நல்ல சான்று.

முதலில் இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பெரிய டிஸ்க் என்றாலே பிரேக் இரட்டிப்பாகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிரேக் பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் விசை, டிஸ்க்கின் மையத்திலிருந்து பேடின் நடுப்பகுதி எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அந்த அளவுக்கு முறுக்கு விசையாகிறது. அந்த முறுக்கு விசை டயரின் ஆரத்தால் வகுபட்டுத்தான் தரையில் வண்டியை நிறுத்தும் விசையாகிறது. பேடின் உயரம் சுமார் 30 மி.மீ. என்று கொண்டால், 240 மி.மீ. டிஸ்க்கில் இந்தத் தொலைவு 105 மி.மீ.; 276 மி.மீ. டிஸ்க்கில் 123 மி.மீ. அதாவது 17 சதவீதம் கூடுதல். ஆனால் 19 அங்குலச் சக்கரத்தில் ஏறத்தாழ 322 மி.மீ. ஆக இருந்த டயரின் ஆரம், 21 அங்குலத்துக்குப் போனதும் 347 மி.மீ. ஆகிவிடுகிறது. சக்கரத்தை மட்டும் மாற்றிப் பழைய டிஸ்க் அளவையே வைத்திருந்தால், அதே கைவிசைக்குக் கிடைக்கும் பிரேக் 7 சதவீதம் குறைந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், என் செலவுக்கும் உழைப்புக்கும் கிடைத்த நிகர ஆதாயம் சுமார் 9 சதவீதம் மட்டுமே. இதைத் தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போவது நல்லது. தெரியாமல் போகிறவர் ஏமாற்றத்தைப் பட்டறையின் கணக்கில் எழுதிவிடுவார்.

எக்ஸ்பல்ஸின் காலிப்பரையே வாங்கி மாட்டினால் என்ன என்ற கேள்வியும் எழும். ஃபோர்க்கில் காலிப்பரைப் பிடிக்கும் காதுகள் இம்பல்ஸினுடையவையாக இருக்கும்வரை அதற்கும் பிராக்கெட் செய்துதான் ஆக வேண்டும். மேலும் காலிப்பர் பிஸ்டனின் அளவு மாறினால் லீவரால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோடு அதற்குள்ள விகிதமும் மாறி, லீவர் கல்லைப் போலக் கடினமாகவோ கைப்பிடிவரை இறங்குவதாகவோ ஆகிவிடலாம். பழைய காலிப்பரும் பழைய மாஸ்டர் சிலிண்டரும் அப்படியே இருந்தால், லீவரின் அசைவு கைக்குப் பழகியபடியே இருக்கும். கூடுவது நெம்புதூரம் மட்டுமே.

காலிப்பரை 18 மி.மீ. வெளியே தள்ள வேண்டும் என்பது எளிய கழித்தல் கணக்கு. இதை வைத்துக்கொண்டு நான் முதலில் அணுகிய வேறொரு பட்டறையில், இரும்புத் தகட்டை வெட்டி, துளைகளை நீளவாக்கில் ஸ்லாட்டாகப் போட்டுவிட்டால் மாட்டும்போது முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். கணபதிப் பட்டறையில் அதே யோசனையைச் சொன்னபோது உரிமையாளர் என் டிராயிங்கைத் திருப்பித் தந்துவிட்டார். "தம்பி, பிரேக்குக்கு ஸ்லாட் போட்டுக் குடுக்க மாட்டேனுங்க, வேற எதுக்குன்னாலும் போட்டுத் தர்றேன்" என்றார். அந்த மறுப்புக்குப் பின்னால் உள்ள கணக்கு நியாயமானது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து ஏறத்தாழ 210 கிலோ. மண்ணில் ஒருபோதும் கிடைக்காத அளவு பிடிப்பு இருப்பதாக வைத்து, புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையான வேகக்குறைப்பை முன்சக்கரம் ஒன்றே தருவதாகக் கணக்கிட்டால், டயரில் 2,060 நியூட்டன் விசை வருகிறது. அது 347 மி.மீ. ஆரத்தில் 715 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பேட் இருக்கும் 123 மி.மீ. தொலைவில் அதைத் தாங்க வேண்டிய விசை 5,800 நியூட்டன், அதாவது 590 கிலோ எடைக்குச் சமம். அந்த விசை முழுவதும் கையகலம்கூட இல்லாத ஒரு துண்டு உலோகத்தின் வழியாகத்தான் ஃபோர்க்குக்குப் போகிறது. ஸ்லாட்டில் உட்கார்ந்த போல்ட், உராய்வை மட்டுமே நம்பி நிற்கும். ஒருமுறை நழுவினால் காலிப்பர் டிஸ்க்கின் விளிம்பைக் கடந்து சக்கரக் கம்பிகளுக்குள் போகும் வாய்ப்பு உண்டு.

வெல்டிங்கையும் அவர் மறுத்தார். இரண்டு துண்டுகளை வெட்டி ஒட்டினால் பொருளும் நேரமும் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் டி6 எனப்படும் வெப்பப் பதத்தில் வலுவேற்றப்பட்ட அலுமினியத்தில் வெல்டிங் வைத்தால், வெப்பம் பட்ட பகுதி அந்த வலுவை இழந்துவிடும். மறுபடி வெப்பப் பதப்படுத்தும் வசதி இல்லாத பட்டறை அதைச் செய்யக்கூடாது. ஒரே கட்டியிலிருந்து கடைந்து எடுப்பதுதான் வழி என்று முடிவாயிற்று.

அடுத்து எழுந்த சிக்கல்தான் இந்த வேலையின் மிகச் சுவையான பகுதி. ஃபோர்க்கின் காதுகளில் பிராக்கெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளும், பிராக்கெட்டில் காலிப்பரைப் பிடிக்கும் போல்ட்டுகளும் எம்8, அதாவது 8 மி.மீ. விட்டம் உடையவை. நேராக வெளியே தள்ளினால் பழைய துளைக்கும் புதிய துளைக்கும் இடையே மையத்திலிருந்து மையத்துக்கு 18 மி.மீ. மட்டுமே இருக்கும். முதல் துளையில் போல்ட் தலை அமுங்கி உட்கார 15 மி.மீ. குழி வேண்டும், இரண்டாவதில் ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரை போட வேண்டியிருப்பதால் அதுவும் எட்டு மில்லிமீட்டரைவிடப் பெரிய துளையாகும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் உலோகம் 6 மி.மீ.க்கும் குறைவு. என் டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது. காகிதத்தில் அது குறையாகத் தெரியாது. பட்டறையில் டிராயிங் வேலை பார்க்கும் இளைஞர், காலிப்பரை வெளியே தள்ளுவதோடு நிறுத்தாமல், டிஸ்க்கின் மையத்தை அச்சாகக் கொண்டு சில பாகை சுழற்றியும் வைக்கலாம் என்றார். காலிப்பர் டிஸ்க்கின் சுற்றளவில் எங்கே நின்றாலும் பிரேக் ஒன்றுதான். ஆறு பாகை சுழற்றினால் துளைகள் பக்கவாட்டில் 15 மி.மீ. அளவுக்கு விலகி, மையத் தொலைவு 23 மி.மீ.க்கு மேல் போய்விடுகிறது. நடுவே நிற்கும் உலோகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. காற்றெடுக்கும் நிப்பிள் அந்த நிலையிலும் காலிப்பரின் மேல்பக்கத்திலேயே நிற்கிறதா, காலிப்பர் ஃபோர்க் காலில் முட்டுகிறதா என்ற இரண்டையும் வண்டியில் வைத்துப் பார்த்த பிறகே அதை உறுதிசெய்தார்கள். கூலி வாங்கிக்கொண்டு கொடுத்த டிராயிங்கை அப்படியே வெட்டித் தரும் இடத்தில் இது நடந்திருக்காது.

பொருள் தேர்வில் எனக்கு 7075 என்ற அலுமினியக் கலவை மீது ஆசை இருந்தது. பந்தய வண்டிகளின் பாகங்களைப் பற்றிப் படிக்கிற யாருக்கும் அந்த ஆசை வரும். டி6 பதத்தில் அதன் நெகிழ்வெல்லை வலிமை (நிலையாக வளையத் தொடங்கும் அளவு) 500 மெகாபாஸ்கலைத் தொடுகிறது, 6061 அலுமினியத்தில் அது 276 மட்டுமே. உரிமையாளரின் பதில் இரண்டு பகுதிகளாக இருந்தது. பிராக்கெட் வளைந்து கொடுக்காமல் இருப்பது உலோகத்தின் மீட்சிக் குணகத்தைப் பொறுத்தது. அது இரண்டு கலவைகளுக்கும் ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல்தான், ஆகவே லீவரில் கிடைக்கும் உறுதியில் வேறுபாடு இராது, அதற்குத் தடிமன்தான் மருந்து. இரண்டாவதாக, கட் பீஸ் கடையில் 7075 என்று சொல்லித் தரப்படும் துண்டு உண்மையில் எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது; ஆலையின் சோதனைச் சான்றோடு தம்மிடம் இருப்பது 6061 டி6 என்றார். சான்றுள்ள எளிய கலவை, சான்றில்லாத உயர்ந்த கலவையைவிட மேல் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஈஎன்8 இரும்பில் செய்தால் மூன்று மடங்கு விறைப்பு கிடைக்கும், துருவுக்கும் எடைக்கும் ஒத்துக்கொண்டால் அதுவும் தவறில்லை என்பதையும் அவரே சொன்னார். நான் அலுமினியத்தைத் தேர்ந்தேன்.

அளவெடுப்புக்கு வண்டியையே பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். காலிப்பரையும் டிஸ்க்கையும் தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதாது. டிஸ்க் நிற்கும் தளமும் ஃபோர்க் காதுகளின் தளமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது சக்கரம், புஷ், ஸ்பேசர், அச்சு எல்லாம் இறுதியாக இறுக்கப்பட்ட நிலையில்தான் தெரியும். மிதக்கும் காலிப்பர் பக்கவாட்டில் சிறிது தவறினாலும் தன் பின்களில் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். ஆனால் சாய்ந்து நின்றால் அதற்கு மன்னிப்பில்லை, பேட் ஆப்பு வடிவில் தேயும். ஆகவே பிராக்கெட்டின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதுதான் இங்கே எல்லாவற்றிலும் முக்கியமான அளவு. டிஸ்க்கின் தடிமன் பழைய காலிப்பரின் இடைவெளிக்குப் பொருந்துகிறதா என்பதையும், டயல் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தையும் அன்றே பார்த்தார்கள், பொதுவாக 0.3 மி.மீ.க்கு மேல் ஆடும் டிஸ்க்கைத் தூக்கிப் போடுவார்கள், என்னுடையது அதற்கு வெகு கீழே இருந்தது. பிறகு லேசரில் வெட்டிய அக்ரிலிக் மாதிரி ஒன்றை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்கள். பேடின் மேல் விளிம்பு டிஸ்க்கின் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதி தேயாமல் உதடுபோல வளர்ந்துவிடும், மிகவும் கீழே இறங்கினால் டிஸ்க்கின் கைகளில் உரசும். மாதிரியில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. உலோகத்தில் அது நேர்ந்திருந்தால் ஒரு கட்டி வீணாகியிருக்கும்.

20 மி.மீ. தகட்டிலிருந்து விஎம்சி எனப்படும் கணினிவழி வெட்டும் இயந்திரத்தில் படிப்படியாகக் கடைந்து, மரை வரும் பகுதியில் 12 மி.மீ. தடிமன் நிற்கும்படி வைத்தார்கள். அலுமினியத்தில் எம்8 மரைக்கு விட்டத்தின் ஒன்றரை மடங்கு ஆழமாவது வேண்டும் என்ற வழக்கமான விதியை அது சரியாகத் தொடுகிறது. அலுமினியத்திலேயே மரை போட்டு நிறுத்தாமல் எஃகு ஹெலிகாயில் இட்டதும் சரி; மண் தடத்தில் ஓடும் வண்டியின் காலிப்பர் அடிக்கடி கழற்றி மாட்டப்படும், வெற்று அலுமினிய மரை நாளடைவில் பொடிந்துவிடும். உள்மூலைகள் எல்லாவற்றிலும் வளைவு கொடுத்திருந்தார்கள். கூர்மையான உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும். கடைசியில், விரிசலைச் சாயத்தால் காட்டும் டை பெனட்ரண்ட் சோதனை செய்து, சிவப்புக் கோடு எதுவும் தெரியவில்லை என்பதை எனக்கும் காட்டினார்கள். வார்ப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அன்றாடச் சோதனை. எனக்கு அது பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. ஒற்றைப் பீஸ் வேலைக்கு இங்கே வரிசையில் கடைசி இடம்தான். பம்பு நிறுவனத்தின் ஆர்டர் வந்தால் நம் கட்டி மேசைக்கு அடியில் போய்விடும். சொன்ன வாரத்தில் கிடைக்கவில்லை, தொலைபேசியில் கேட்டாலும் தெளிவான தேதி வராது. பார்க்கும் முகங்களை அழகாக முடித்தவர்கள், பின்பக்க விளிம்புகளைப் பிசிறோடு விட்டிருந்தார்கள். பிரேக் ஹோஸ் உரசக்கூடிய ஓரிடமும் அதில் அடங்கும் என்பதால் இதைச் சிறிய குறையென்று தள்ளிவிட முடியவில்லை. சொன்னதும் அரைமணி நேரத்தில் உட்காரவைத்தே சரிசெய்து கொடுத்தார்கள். அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் ஏற்றும் ஆனோடைசிங் வெளியே அனுப்பிச் செய்வது. ஹெலிகாயில் போடுவதற்கு முன்பே அனுப்ப வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தாலும், நிறம் கேட்டதற்கும் வந்ததற்கும் தொடர்பில்லை. கருப்பு கேட்டேன், ஒருவகைச் சாம்பல் வந்தது. அளவுச் சான்று கேட்டால்தான் தருவார்கள். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உத்தரவாதம் என்று எதுவும் எழுத்தில் கிடையாது. பிரேக் பாகத்துக்கு எந்தச் சிறு பட்டறையும் அதைத் தராது என்பதை உணர்ந்தவரே இதில் இறங்க வேண்டும்.

பொருத்தியபோது எதையும் தட்டவோ நெம்பவோ வேண்டியிருக்கவில்லை. 8.8 தர போல்ட்டுகளை நீல நிற மரைப் பசையோடு 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, நழுவினால் தெரியும்படி ஒவ்வொன்றின் குறுக்கேயும் பெயின்ட் கோடு போட்டேன். ஃபோர்க் முழுதும் நீண்ட நிலையிலும், கைப்பிடி இரு பக்கமும் திரும்பிய நிலையிலும் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்பதை இங்கே பார்க்க வேண்டும், ஏனெனில் காலிப்பர் நகர்ந்திருக்கிறது. சக்கரக் கம்பிகள் காலிப்பரில் உரசுமோ என்று அஞ்சினேன். மையத்திலிருந்து விலக விலகக் கம்பிகள் உள்நோக்கிச் சரிவதால், வெளியே நகர்ந்த காலிப்பருக்கு இடைவெளி உண்மையில் கூடியிருக்கிறது. வண்டியைத் தூக்கி நிறுத்தி லீவரை முழுப் பலத்தோடு பிடித்து, நண்பர் ஒருவரைக் கொண்டு சக்கரத்தைத் திருக முயன்று பார்த்தோம். பிராக்கெட்டில் கண்ணுக்குத் தெரிந்த அசைவு இல்லை.

ஓட்டத்தில் தெரியும் வேறுபாடு அடக்கமானது, ஆனால் தெளிவானது. கோவையின் புறநகரில் உள்ள தனியார் மண் தடத்தில், இறக்கத்தின் முடிவில் வரும் திருப்பத்துக்கு முன்பெல்லாம் இரண்டு விரல்களால் அழுத்தி இழுத்தவன், இப்போது ஒரு விரலால் பிடிக்கிறேன். தளர்ந்த மண்ணில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லையைத் தீர்மானிப்பது டயரும் மண்ணும்தான். பெரிய டிஸ்க் அதை மாற்றிவிடாது. அந்த எல்லைக்கு அருகே கை நடுங்காமல் நிற்க முடிகிறது என்பதே வேறுபாடு. நீண்ட பயிற்சியின் முடிவில் கை சோர்ந்திருக்கும்போது அதன் அருமை கூடுதலாகத் தெரிகிறது. டிஸ்க் பெரிதானதால் சூடும் மெதுவாக ஏறுகிறது. பின்சக்கரம் டிரம் பிரேக்காகவே இருக்கிறது. அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு ஆன மொத்தச் செலவு, சக்கரத்தையும் டிஸ்க்கையும் சேர்க்காமல், 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதில் பெரும்பகுதி அளவெடுப்புக்கும் புரோகிராமுக்கும் போனது. உலோகத்தின் விலை சொற்பம். 19 அங்குலச் சக்கரத்தையே வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய இம்பல்ஸ்களில் பிரேக் மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் உப்பிப்போன ரப்பர் ஹோஸும், ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் ஈரம் குடித்த பிரேக் ஆயிலும், கண்ணாடிபோல வழவழத்த பேடுகளுமே காரணம். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். எஃகு வலை சுற்றிய ஹோஸ், புதிய ஆயில், நல்ல பேடுகள் ஆகியவற்றை முதலில் மாற்றிப் பார்த்து, அதன்பிறகும் போதாதென்றால் பட்டறையின் கதவைத் தட்டலாம். சாலையில் ஓடும், பதிவெண் உள்ள வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். என் வண்டி தடத்துக்கு டெம்போவில் போய் டெம்போவில் திரும்புகிறது.

இதே போன்ற இம்பல்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், என் டிராயிங்கை வைத்தே தமக்கும் ஒன்று வெட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். புஷ்ஷும் ஸ்பேசரும் வேறு லேத்தில் கடைந்தவை என்பதால் டிஸ்க்கின் தளம் என் வண்டியோடு ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது, வண்டியைக் கொண்டுவந்தால்தான் வேலை, அளவெடுப்புக் கூலியிலும் குறைப்பு இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.